தோற்றவனுக்கும் நாற்காலி உண்டு



வாழ்க்கையில் சிறந்த ஆசிரியர் வெற்றியா, தோல்வியா? 'வெற்றிதான் வாத்தியார்' என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். என் அணிக்குச் சாட்சி ஒரே ஒரு சதுரங்க ஆட்டம்.

2022 ஏப்ரல். ஐஸ்லாந்து நாட்டில் ரெய்க்யவிக் ஓபன் போட்டி. கடைசிச் சுற்று. பலகைக்கு இந்தப் பக்கம் 16 வயது பிரக்ஞானந்தா; அந்தப் பக்கம் 15 வயது குகேஷ். ரெண்டும் நம்ம சென்னைப் பிள்ளைங்க! ஜெயிச்சது பிரக்ஞானந்தா. ஒன்பது சுற்றில் ஏழரைப் புள்ளி. முதலிடம்!

தோற்ற பிள்ளையைப் பாருங்கள். கிரிக்கெட்டுன்னா 'அம்பயர் சரியில்லை, பிட்ச் சரியில்லை'ன்னு சொல்லலாம். சதுரங்கத்துல, 'என் குதிரைக்குக் கால் சுளுக்கிடுச்சு'ன்னா சொல்ல முடியும்? (சிரிப்பு) தாயம் கிடையாது, பகடை கிடையாது. தோற்றவன் தானே கை நீட்டணும். முடிவை எழுதின தாளில் கையெழுத்தும் போடணும். தன் தோல்விக்குத் தானே சாட்சி! இந்தப் பாடத்தை எந்த வெற்றி ஐயா நடத்தும்?

இன்னொன்று. ஓபன் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடக்கும். அதில் தோற்றவனை வெளியே அனுப்ப மாட்டார்கள். ஏறக்குறைய அதே புள்ளி எடுத்த இன்னொருவனோடு அடுத்த சுற்றில் உட்கார வைப்பார்கள். தோற்றவனுக்கும் நாற்காலி உண்டு!

நம்ம வீட்டுல உண்டா? கணக்குல மார்க் குறைஞ்சு வந்த பிள்ளைகிட்ட, 'உன்னைப் பெத்ததுக்கு...'ன்னு ஆரம்பிக்கிறோமே! அன்னிக்கு ராத்திரி அது சாப்பிட்டுச்சா, தூங்குச்சான்னு பார்த்தோமா? ஒரே ஒரு சுற்றுல தோத்த குழந்தையை ஆட்டத்தை விட்டே துரத்தலாமா அம்மா? (கைதட்டல்)

அந்தக் குகேஷ், அதே 2022-இல், மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டமும் வென்றார். பத்தாம் சுற்றில், கைக்கு வந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டார். மறுநாள் பதினொன்றாம் சுற்றுக்கு வந்து உட்கார்ந்தார்! முதல் பலகைக்கான தங்கப் பதக்கம் அவருக்கே. 2024 டிசம்பரில், சிங்கப்பூரில், டிங் லிரனை வென்று 18 வயதில் உலக சாம்பியன்!

'அது வெற்றிதானே' என்கிறார் எதிரணி நண்பர். ஆமாம் ஐயா, அது வெற்றிதான். பரீட்சையில் பாஸானது வெற்றி. பாடம் நடத்தியது தோல்வி!

ஆகவே நடுவர் அவர்களே, இன்று மார்க் குறைந்து வீட்டு வாசலில் தயங்கி நிற்கும் பிள்ளைகளுக்காகவும் கேட்கிறேன்: சிறந்த ஆசிரியர் தோல்வியே என்று தீர்ப்பு வழங்குங்கள்.