மற்போர் காணச் சென்ற கூட்டம்



இந்திய இராணுவத்தினர் பேணிவரும் பிள்ளையார் கோயில் கொண்டிருக்கும் இப்பழவங்காடியில் உடல் வலிமையைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஆயினும், மல்லர்களோடு அவர்களைக் காணத் திரண்ட கூட்டத்தைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

மற்போர் காணும் வேட்கை தமிழர்க்குப் புதிதன்று. சோழர் குடியிற் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனொடு பொருது வென்ற செய்தி புறநானூற்றில் உள்ளது. அவனைப் பாடியவர்களுள் நக்கண்ணையார் என்னும் பெண்பாற் புலவரும் ஒருவர். பொருத ஊர் அவனுடைய ஊர் அன்று. ஆகவே வெற்றி அவனதே என்பாரும், அன்று என்பாருமாக ஊரார் பிரிந்து நின்றனர். நக்கண்ணையாரோ ஓடிச் சென்று தம் மனைப் பனையடியில் நின்று அவன் வென்றதைக் கண்ணாரக் கண்டார். தமக்கு உகந்த மல்லனை நேரிற் காண ஓடிய இரசிகர் வரிசையில் முதலிடம் அவருக்கே உரியது. வேற்றூரில் குடியேறி வாழும் நமக்கு அப்பாடலின் உட்பொருள் சற்று மிகுதியாகவே விளங்கும்.

1950, 60-ஆம் ஆண்டுகளில் இந்தியா முழுதும் கூட்டத்தை ஈர்த்த பெயர்கள் இரண்டு: தாராசிங், கிங்காங். முன்னவர் 1928-இல் பஞ்சாபில் பிறந்து, பிழைப்பு நாடிச் சிங்கப்பூர் சென்று, அங்கே மற்கலை பயின்றவர். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸ்ஸை வென்றவர். பின்னவரின் இயற்பெயர் எமில் சாயா. 1909-இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தவர். திரைப்படக் குரங்கின் பெயரைத் தாங்கி, ஏறத்தாழ 400 பவுண்டு எடையோடு கோதாவில் ஏறியவர்.

இவ்வகைப் போட்டிகளின் முடிவு முன்னரே பேசி வைக்கப்படுவது என்பது இன்று யாவரும் அறிந்ததே. அதனால் அவற்றை இகழ்வார் உளர், நாம் உடன்படவில்லை. கதகளியில் துச்சாசனன் மாள்வான் என்பது தெரிந்தே விடியும்வரை விழித்திருக்கின்றோம் அல்லவா? அத்துணைப் பேருடல் படைத்தவர், எதிரிக்கும் தமக்கும் ஊறு நேராவண்ணம் விழுவதற்கு எத்தனை பயிற்சி வேண்டும்! கூட்டத்தின் வெறுப்பை வளர்த்து, அதனை எதிரியின் புகழாக மாற்றிக் கொடுப்பதே அவர் தொழில். தாராசிங்கைக் காணச் சென்றோம் என்று பெரியோர் சொல்வர். கிங்காங் தோற்பதைக் காணவே பாதிப்பேர் சென்றனர் என்பது நம் கருத்து. இருவருள் பெருங்கலைஞர் அவரே என்றும் துணிந்து கூறுவோம்.

மலையாள நாட்டின் குஸ்தி மோகம் திரையிலும் பதிந்துள்ளது. பத்மராஜன் 1981-இல் இயக்கிய 'ஒரிடத்தொரு பயில்வான்' எங்கிருந்தோ ஓர் ஊரில் வந்தேறும் மல்லனின் கதை. 1985-இல் வெளிவந்த 'முத்தாரங்குன்னு பி.ஓ.' படத்தில் தாராசிங் தாராசிங்காகவே தோன்றினார்.

கோதாவை விட்டபின் அவர் தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வந்து கைகூப்ப வைத்தார், 2003-இல் மாநிலங்களவை உறுப்பினரானார், 2012-இல் மறைந்தார். கிங்காங்கோ மலேசியாவில் நேர்ந்த கார் விபத்தில் காயமுற்று, 1970-இல் சிங்கப்பூரில் உயிர் நீத்தார். பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்கும் பிள்ளையை அவர் பெயரிட்டு அழைக்கும் வழக்கம் மட்டும் நம் வீடுகளில் இன்னும் உள்ளது.