எண்ணெய் வாங்கியது யார், தண்டம் கட்டுவது யார்?



நாம் இன்று நினைவுகூரும் தோழர் ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் சங்கம் கட்டியவர். சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். உலகப் பொருளாதாரம் பற்றிப் பேச வேண்டும் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, தோலிலிருந்தே தொடங்கிவிடலாம் என்று நினைத்தோம்.

2025 செப்டம்பரில் ஆம்பூரை ஒட்டிய ஒரு காலனிக்குப் போயிருந்தோம். அங்குள்ள பெண்கள் பலர் ஷூ கம்பெனிகளில் தைப்பவர்கள். அந்த மாதம் ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. சில நாள் கம்பெனி பஸ்ஸே வரவில்லை. குழுக்கடன் வசூலிப்பவர் மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. 'நாம ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கினோமாம், அதுக்கு அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான்' என்று சூப்பர்வைசர் காரணம் சொல்லியிருக்கிறார். ஓர் அக்கா எங்களைக் கேட்டார்: "நாங்க எப்ப தம்பி ரஷ்யாகிட்ட எண்ணெய் வாங்கினோம்?"

அந்தக் கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. இன்று முயல்கிறோம்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்குவதற்கு முன், நம் நாடு இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. மேற்கு நாடுகள் தடை விதித்தன. ரஷ்யா விலையைக் குறைத்தது. சில ஆண்டுகளில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியது. மலிவு விலை எண்ணெயின் லாபம் யாருக்குப் போனது? சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்குக் கீழே இறங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகவில்லை. சுத்திகரிப்பு நிறுவனங்கள் லாபம் பார்த்தன. குஜராத்தின் ஜாம்நகரிலிருந்து டீசல் ஐரோப்பாவுக்கே கப்பலேறியது.

2025 ஆகஸ்ட் 7 அன்று இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதவீதம் தண்டமாகச் சேர்ந்தது. ஆக அப்போது 50 சதவீதம். ஆனால் எல்லாப் பொருளுக்கும் இல்லை. மருந்துக்கு விலக்கு, ஸ்மார்ட்போனுக்கு விலக்கு. பெட்ரோலியப் பொருள்களுக்கும் விலக்கு! எண்ணெய் வாங்கியதற்கான தண்டம் எண்ணெயைத் தொடவில்லை. திருப்பூர் பனியன் மீதும், ஆம்பூர் ஷூ மீதும், ஆந்திரத்து இறால் மீதும் விழுந்தது. ரஷ்யாவிடம் நம்மைவிட அதிகம் வாங்கிய சீனாவுக்கு இந்தத் தண்டம் விதிக்கப்படவில்லை. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய அரிய கனிமங்கள் சீனாவின் பிடியில் இருக்கின்றன. அதுவே அதற்குக் காப்பு என்பது எங்கள் கணிப்பு. எதிர்த்து நிற்கச் சரக்கு இல்லாதவன் தலையில்தான் வரி ஏறும். இதற்கு ஏகாதிபத்தியம் என்று பெயர் வைக்க நாங்கள் தயங்கவில்லை. படை வரவில்லை, கவர்னர் வரவில்லை. ஓர் ஆணைத்தாள் போதுமானதாக இருந்தது.

தோலுக்கு இது புதிய அனுபவமும் இல்லை. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸுக்காக, சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோலை அந்நாட்டுப் போர்த்துறை மொத்தமாக எடுத்துக்கொண்டது. போர் முடிந்ததும், 1919இல், கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி வந்தது. தோலைப் பேரரசுக்குள்ளேயே பதனிட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. வரியை வைத்துச் சரக்கின் பாதையைத் திருப்பும் வித்தை அன்றே இருந்தது. அந்தத் தோலை உரித்தவர்கள், ஊறவைத்தவர்கள், மயிர் சீவியவர்கள் யார் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே இரண்டு தரப்புத் தோழர்களோடு எங்களுக்கு வழக்கு இருக்கிறது. 'ஏகாதிபத்தியம் இடதுசாரிகளின் சொல், நமக்குச் சாதிதான் பிரச்சினை' என்பார்கள் நம்மவர்களில் சிலர். 'வரி எல்லாத் தொழிலாளியையும் ஒன்றுபோலத்தான் அடிக்கிறது, இதில் சாதி எங்கே வந்தது' என்பார்கள் இடதுசாரித் தோழர்கள். ஷூ கம்பெனியில் எல்லாச் சாதிப் பெண்களும் தைக்கிறார்கள், உண்மைதான். கம்பெனி பஸ் வராத நாளில் என்ன ஆகிறது என்று பாருங்கள். கொஞ்சம் நிலமுள்ள வீட்டுப் பெண் மாட்டையும் தென்னையையும் பார்க்கப் போகிறாள். காலனிப் பெண்ணுக்கு ஏது நிலம்? நூறு நாள் வேலை, இல்லையென்றால் அதே ஊர்க்காரரின் வயலில் அவர் சொல்லும் கூலி. கம்பெனிக்குப் போனதால் கிடைத்த முக்கியமான விடுதலை, ஊர்க்காரர் வீட்டு வாசலில் கைகட்டி நிற்க வேண்டாம் என்பதுதான். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து அவளை மீண்டும் அந்த வாசலுக்கு அனுப்பப் பார்த்தது. சாதி அங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

டெல்லி என்ன செய்தது? சுதேசி வாங்குங்கள் என்று மக்களுக்கு அறிவுரை சொன்னது. பஞ்சு இறக்குமதி மீதிருந்த 11 சதவீத வரியை டிசம்பர் 31 வரை நீக்கியது. மில்லுக்கு அது நிவாரணம், பருத்தி விவசாயிக்கு அடி. நவம்பரில் ஏற்றுமதியாளர்களின் கடனுக்கு 20,000 கோடி ரூபாய் வரை உத்தரவாதம் அறிவித்தது. முதலாளியின் வங்கிக் கடனுக்கு அரசு ஜாமீன் நிற்கிறது. அக்காவின் குழுக்கடனுக்கு ஜாமீன் பக்கத்து வீட்டு அக்காதான்.

2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. ரூபாய் விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது, வரியின் வலி குறையும் என்று தொலைக்காட்சியில் பேசினார்கள். பாபாசாகேப் 1923இல் வெளியிட்ட 'ரூபாயின் பிரச்சினை' நூலை மாணவர்கள் இந்த இடத்தில் எடுத்துப் படிக்க வேண்டும். பண மதிப்பு விழும்போது விலைவாசி முன்னால் ஓடுகிறது, கூலி பின்தங்குகிறது. ஏற்றுமதியாளர் அடையும் லாபம் வெளிநாட்டுக்காரனிடமிருந்து வருவதில்லை, உள்நாட்டுக் கூலிக்காரனின் பங்கிலிருந்தே வருகிறது என்று அவர் வாதிட்டார். அவரைச் சட்ட மேதையாக மட்டும் படம் மாட்டி வைத்துவிட்டு, இந்த அம்பேத்கரை நாம் படிக்காமலே இருக்கிறோம். எங்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

நவம்பரில் அந்தக் காலனிக்கு மறுபடி போனோம். எண்ணெய்க் கணக்கைச் சொன்னோம். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு எத்தனை நாள் போச்சுன்னு யாராவது எழுதி வச்சிருக்கீங்களா?" என்றார். யாரும் எழுதியிருக்கவில்லை. கம்பெனிப் பதிவேட்டில் அது 'வேலைக்கு வரவில்லை' என்று இருக்கிறது. இப்போது வீடு வீடாக எழுதத் தொடங்கியிருக்கிறோம்: பஸ் வராத நாள், வெட்டிய ஓவர்டைம், கட்டிய தவணை, அதற்காக அடகு வைத்த பொருள். மூன்று காலனிகள் முடிந்திருக்கின்றன. பேரணாம்பட்டுப் பக்கம் இன்னும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வரக்கூடிய மாணவர்கள், கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.