நாகேஷ் முகம்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் இதே மேடையில் விஷ்ணு சஹஸ்ரநாமத்தின் பெருமையைக் கேட்டோம். அதற்கு முந்தின மாதம் சர்க்கரை நோயும் உணவுக் கட்டுப்பாடும். இம்முறை நாகேஷைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும் நம் செயலாளர் சற்றுத் தயங்கினார். "ஸார், நீங்கள் பௌதிகம் படித்தவர். சந்திரயான் மாதிரி ஏதாவது..." என்று இழுத்தார். சந்திரயானைப் பற்றிப் பேச டெல்லியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு நாகேஷிடம் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகேஷ் 1933-ல் தாராபுரத்தில் பிறந்தவர். கன்னடம் பேசும் மாத்வக் குடும்பம். தந்தை கிருஷ்ண ராவ், தாயார் ருக்மிணி அம்மாள். அந்த ஒல்லி மனிதரை வீட்டில் அழைத்த பெயர் குண்டு ராவ்! கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும்போது பெரியம்மை போட்டு முகமெல்லாம் தழும்பாகிவிட்டது. பிறகு சென்னைக்கு வந்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை. நம்மில் பலரைப் போல அவரும் மத்திய சர்க்கார் சம்பளம் வாங்கியவர்தான். அலுவலக நாடகம் ஒன்றில் வயிற்றுவலிக்காரராகச் சின்ன வேஷம் கிடைத்தது. அதை அவர் செய்த விதத்தைப் பார்த்துவிட்டு, விருந்தினராக வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1959-ல் 'தாமரைக்குளம்' படத்தில் தலை காட்டினார். வாய்ப்பில்லாத அந்த நாட்களில் அவருக்குத் துணையாக இருந்தவர்களில் கவிஞர் வாலியும் ஒருவர்.

இங்கே பெரியம்மையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. இந்தியாவில் கடைசி நோயாளி 1975-ல். உலகத்தை விட்டே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-ல். அந்தக் கிருமி தோலுக்கடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை அழித்துவிடும். முகத்தில் அந்தச் சுரப்பிகள் அதிகம். அதனால்தான் உயிர் பிழைத்தாலும் முகத்தில் குழி குழியாகத் தழும்பு நின்றுவிடும்.

எங்கள் அண்ணாவுக்கு 1955-ல், பதினோரு வயதில், அம்மை வார்த்தது. நாங்கள் அப்போது திருச்சியில் இருந்தோம். முனிசிபாலிடியிலிருந்து அம்மை குத்த வந்தபோது, ஜுரம் வரும் என்று பயந்து பாட்டி அவனைக் கொல்லைப்புறம் அனுப்பி மறைத்துவிட்டாள். என்னை மாமா ஆத்தில் பிடித்துக் குத்திவிட்டார்கள். ஒரே குடும்பத்தில் அவனுக்கு ஒரு முகம், எனக்கு ஒரு முகம். பாட்டி சாகிற வரையில் அண்ணாவுக்கு மட்டும் தட்டில் கூட ஒரு கரண்டி நெய் விழும். எவரும் காரணம் சொன்னதில்லை. அண்ணா போட்டோ எடுக்க வர மாட்டான். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறப் போய்விடுவான். பரிமாறுகிறவன் முகத்தை எவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை அல்லவா?

1964-ல் 'காதலிக்க நேரமில்லை' வந்தது. ஸ்ரீதர் எடுத்த ஈஸ்ட்மென் கலர் படம். அதில் செல்லப்பா, டி.எஸ். பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியை இங்கே பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். பேய் இல்லை, காடு இல்லை, பின்னணியில் ஒரு படமும் காட்டுவதில்லை. வெறும் குரலும் கையும் முகமும். அந்த முகம் கலரில், பெரிய திரையில், தழும்போடு வருகிறது. கொட்டகை முழுக்க அதைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் தழும்பைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வித்தியாசம் பதினைந்து வயதில் எனக்குப் புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அண்ணாவுக்குப் புரிந்தது. மறுநாள் ராத்திரி தாழ்வாரத்தில் அந்தப் பேய்க்கதையை அவன் நடித்துக் காட்டினான். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவன் எங்கள் எல்லோர் எதிரிலும் முகத்தை நிமிர்த்தி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அதே வருஷம் 'சர்வர் சுந்தரம்'. எழுதியவர் பாலசந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துவிட்டு ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்தவர். ரயில்வே குமாஸ்தாவும் ஏ.ஜி. ஆபீஸ்காரரும் சேர்ந்து தமிழ் சினிமாவில் என்னவெல்லாம் செய்தார்கள் என்று பாருங்கள்! 1965-ல் பாலசந்தர் முதலில் இயக்கிய 'நீர்க்குமிழி'யில் நாகேஷ்தான் கதாநாயகன். 1968-ல் 'எதிர்நீச்சல்'. ஒண்டுக்குடித்தனத்தில் மாடிப்படிக்குக் கீழே குடியிருந்துகொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, மிச்சம் மீதியைச் சாப்பிட்டுப் படிக்கும் மாது. கிட்டு மாமா, பட்டு மாமியை எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது மாதுவின் பசி. 1970-ல் நான் டெல்லிக்கு வந்து, கரோல் பாக்கில் நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். சிரிக்க முடியவில்லை.

'திருவிளையாடல்' 1965-ல் வந்தது. தருமி வருவது கொஞ்ச நேரம்தான். பரிசுப் பொற்காசு கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஓர் ஏழைப் புலவன் படுகிற தவிப்பு. சிவபெருமான் எதிரில் நிற்கிறார் என்பது அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அந்தப் பகுதியைப் போட்டுப் பார்த்த சிவாஜி, ஒரு அடிகூட வெட்டக் கூடாது என்று சொன்னதாகச் சொல்வார்கள். 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அவனை வில்லன் என்பதா, விதூஷகன் என்பதா? இன்றுவரை எனக்கு முடிவுக்கு வர முடியவில்லை.

அவர் ஓட்டத்தையும் நடனத்தையும் பற்றிப் பௌதிகக்காரனாக ஒரு வார்த்தை. ஓடுகிற உடல் சட்டென்று நின்றால் முன்னால் சாய வேண்டும் என்பது நியூட்டன் விதி. நாகேஷ் சாய மாட்டார். அல்லது பின்னால் சாய்வார். எப்படி என்று நானும் அறுபது வருஷமாக யோசிக்கிறேன்.

விருது விஷயத்தில் நாம் அவருக்குச் சரியாகச் செய்யவில்லை. பத்ம விருது எதுவும் அவருக்கு வரவில்லை. 'நம்மவர்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் என்று தேசிய விருது கிடைத்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதே 1994-ல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக வந்தார். பேச்சில்லை, ஓட்டமில்லை, கண்கூடத் திறக்கக் கூடாது. அதிலும் மனிதர் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டார்.

அண்ணா கதைக்கு வருகிறேன். 1969-ல் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். மூன்று இடத்தில் ஜாதகம் பொருந்தியும், பையனை நேரில் பார்த்தபின் 'சொல்லி அனுப்புகிறோம்' என்றார்கள். நான்காவது இடத்தில், பெண்ணுடைய தங்கை உள்ளே போய், "மாப்பிள்ளைக்கு நாகேஷ் முகம்" என்று சொன்னாளாம். "அப்படியா, நன்னாப் பேசுவாரா?" என்று கேட்டாளாம் மன்னி. கல்யாணம் நடந்தது. அதுவரை அந்த முகத்துக்கு 'அம்மைத் தழும்பு' என்ற ஒரு பெயர்தான் இருந்தது. வேறு பெயர் ஒன்றை நாகேஷ் கொடுத்திருந்தார். நான் சொன்ன கடன் இதுதான்.

பாதிதான் சொல்லியிருக்கிறேன். 1966-ல் நான் காலேஜ் சிநேகிதர்களோடு தெப்பக்குளம் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எதிரே அண்ணா வந்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். "யாருடா அது?" என்றான் ஒருவன். "எதிராத்து மனுஷர்" என்றேன். அண்ணா பத்தடி கூடப் போயிருக்கவில்லை.

2009 ஜனவரி 31-ந் தேதி நான் சர்வீஸிலிருந்து ஓய்வு பெற்றேன். மாலையைக் கழற்றி வைக்கக்கூட இல்லை, திருச்சியிலிருந்து போன். "நாகேஷ் போயிட்டார்டா, டிவியிலே சொல்றான்" என்றான் அண்ணா. எனக்கு வாழ்த்துச் சொல்ல மறந்தே போய்விட்டது அவனுக்கு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, தெப்பக்குளத்தில் நான் சொன்னதை அவனிடம் சொல்லிவிட்டேன்.

"அது அன்னிக்கே என் காதிலே விழுந்ததுடா" என்றான். "பிஎஃப் பணமெல்லாம் கைக்கு வந்துடுத்தா?" என்று கேட்டான்.

நேரமாகிவிட்டது. அடுத்ததாகத் தருமி காட்சியைத் திரையில் போடப் போகிறார்கள். விளக்கை அணைப்பதற்குள் காபி எடுத்துக்கொள்ளாதவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.