அளக்கப்பட வேண்டியது எது?

உப்பளத்தில் ஆங்கிலேய அதிகாரி லோன் கொல்லப்பட்ட 1942ஆம் ஆண்டு வழக்கில், காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இரு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டதையும், பின்னர் அது குறைக்கப்பட்டதையும் மறவாத குலசேகரன்பட்டினத்தில் கூடியுள்ள இந்த அவை, சமூகவியல் ஆய்வு காவல்துறைக்கு எதற்கு என்ற கேள்வியைக் கேட்க முழு உரிமை உடையது.

ஆய்வு தீங்கும் செய்திருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்து சாதிவாரியாகப் பட்டியலிட்டார். அளவெடுப்பைக் காவல் அதிகாரிகளுக்கும் கற்பித்தார். பிறப்பிலேயே குற்றம் உண்டு என்ற அந்தக் காலத்து நம்பிக்கையே, 1871இல் வடக்கே தோன்றி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வேர். மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றழைத்த அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று பதினாறு உயிர்கள் துப்பாக்கிக்கு இரையாயின. லத்தியே நீதி என்று இன்றும் மேடைதோறும் முழங்குவோர், அந்தப் பதினாறு பேரின் ஊருக்கு ஒருமுறையேனும் சென்று வந்து பேசட்டும்!

அளவுகோல் காவல் நிலையத்தின் பக்கம் திரும்பியபோதுதான் உண்மை வெளிவந்தது. காமன் காஸ் அமைப்பும் லோக்நீதி ஆய்வுக் குழுவும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இருபத்தொரு மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவலர்களைக் கேட்டறிந்து, சராசரியாக அவர்கள் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் உழைப்பதையும், குற்றவாளியை அடிப்பதில் தவறில்லை என்று கருதுவோர் அவர்களுள் ஏராளமாக இருப்பதையும் காட்டிற்று. அடுத்த ஆண்டே, ஜூன் மாதத்தில், பக்கத்துச் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்டு மாண்டனர். அந்நிலையத்தின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளோ அன்றாடம் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன.

கேமராவில் இல்லாததை ஒரு பெண் தலைமைக் காவலர் சொன்னார். உடன் பணியாற்றுவோர் அருகிலேயே நிற்க, நீதித்துறை நடுவரிடம் அவர் அந்த இரவை விவரித்தார். அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடற்கரை அவரை அறியும். ஆனால் ஒரே ஒருவரின் துணிவை நம்பி எத்தனை காவல் நிலையங்களை விட்டுவைப்பது? திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில், குற்றம் ஏன், எவ்வாறு நிகழ்கிறது என்று ஆராயும் குற்றவியல் துறை இருக்கிறது. பணிநேரம், காவலில் வைக்கப்பட்டோரின் உடல்நிலைச் சான்று, கேமராப் பதிவு ஆகிய மூன்றையும் மாவட்டத்தின் ஒவ்வொரு காவல் நிலையமும் அத்துறையின் முன் ஆண்டுதோறும் வைக்கட்டும். சாத்தான்குளத்தின் பதிவேடு முதலில் வரட்டும்.