இலண்டன் மாநகரும் எளியவர் கைப்பணமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கோடையில் நாங்கள், கணவனும் மனைவியுமாக, பன்னிரண்டு நாள் இலண்டன் மாநகரைக் கண்டு வந்தோம். திரும்பிய நாள் முதல் காலனியில் எங்களைச் சந்தித்தவர்கள் கேட்ட கேள்விகள் இரண்டே. "எவ்வளவு செலவாயிற்று?" என்பது ஒன்று. "அவ்வளவு செலவு செய்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஏழாண்டுக் காலம் சேர்த்த தொகையைப் பன்னிரண்டு நாளில் செலவிடுவது ஒரு குமாஸ்தாக் குடும்பத்துக்கு அடுக்குமா என்று நாங்களும் பல இரவுகள் எண்ணியதுண்டு. ஆதலின், விழாக் குழுவினர் எங்களைப் பேசப் பணித்தபோது இதனையே பொருளாகக் கொண்டோம்.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறோம். நம்முடைய பாஸ் மும்பை வரையில்தான் செல்லும். அதற்கப்பால் கடல் குறுக்கிடுகிறது! ஆறு மாத விசாவுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் ஒருவருக்கு 127 பவுனாக உயர்த்தப்பட்டது. ஒரு பவுன் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கும் மேல். விமானக் கட்டணம் தனி. நகரின் நடுவே உள்ள நல்ல விடுதி, நம் ஒரு வாரச் சம்பளத்தை ஓர் இரவில் விழுங்கிவிடும். ஆதலின் கிழக்கு இலண்டனில், ஈஸ்ட் ஹாம் என்னும் பகுதியில், ஓர் இலங்கைத் தமிழர் வீட்டின் மாடியறையில் தங்கினோம். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் தாய்மண்ணை விட்டு அந்நகரை அடைந்த தமிழர் பல்லாயிரவர். அவர்கள் நடத்தும் கடைகளில் முருங்கைக்காயும் கிடைக்கிறது, கறிவேப்பிலையும் கிடைக்கிறது. நாங்கள் கொண்டு சென்ற புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பாதிக்குமேல் மிஞ்சி, அவ்வீட்டாருக்கே காணிக்கையாயின.

மாநகரில் எளிமையாக வாழ்வது இழிவன்று. 1888 முதல் 1891 வரை அங்கே சட்டம் பயின்ற காந்தியடிகள், செய்த செலவுக்கெல்லாம் காசு தவறாமல் கணக்கெழுதினார். வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டு மைல், பத்து மைல் நடந்தார். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்றபோதும், பெரிய விடுதிகளை விடுத்து, கிழக்கு இலண்டனின் ஏழை மக்கள் நடுவே கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். நாங்களும் ஒரு சிறு குறிப்பேட்டில் அன்றாடக் கணக்கு எழுதினோம். அதுவே எங்களுக்குக் காவலாக இருந்தது.

இனி, அங்கே கண்டவற்றைச் சொல்வோம். இரயில்வே குடும்பத்தார் முதலில் காணத்தக்கது பூமிக்கடியில் ஓடும் இரயில். உலகின் முதல் சுரங்க இரயில் 1863 ஜனவரி 10ஆம் நாள் பாடிங்டனிலிருந்து பாரிங்டன் வரை ஓடிற்று. மின்சாரம் அன்றில்லை; நீராவி எஞ்சின்தான் அச்சுரங்கத்துள் புகை கக்கிக்கொண்டு சென்றது. இன்று அதற்கு 272 நிலையங்கள். இத்தனை நிலையங்களையும் ஒரு சிறு தாளில் விளங்கக் காட்டும் வரைபடத்தைத் தந்தவர் ஹாரி பெக். அவர் பெரிய அதிகாரி அல்லர். அந்நிறுவனத்தில் படம் வரைந்து பிழைத்தவர். "பூமிக்கடியில் செல்பவனுக்கு மேலே உள்ள தூரம் எதற்கு? எந்த நிலையத்துக்குப் பின் எது, எங்கே மாற வேண்டும் என்பது போதும்" என்பதே அவர் கருத்தின் சாரம். ஓய்வு நேரத்தில் அவர் வரைந்த அப்படம் 1933இல் அச்சாயிற்று. உலகின் பல நகரங்கள் பின்னர் அம்முறையையே பின்பற்றின. கீழ்நிலை ஊழியர் ஒருவரின் ஓய்வுநேர உழைப்பு ஒரு மாநகருக்கே வழிகாட்டுவதைக் கண்டபோது, நம் இனத்துக்கே பெருமை கிடைத்தாற்போல் மகிழ்ந்தோம்.

சுரங்க இரயிலைவிடப் பேருந்தில் செலவு குறைவு. ஒருமுறை கட்டணம் செலுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்துகளில் வேண்டுமாயினும் மாறி ஏறலாம். மாடிப் பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்தால் தேம்ஸ் நதியும் பாலங்களும் பாராளுமன்றமும் கண்முன் வந்து செல்கின்றன. அதனினும் உயர்ந்த சுற்றுலா வண்டி எங்களுக்குத் தேவைப்படவில்லை.

அன்பர்களே! எங்கள் உள்ளத்தை மிகவும் தொட்டவை இரண்டு பொருள்கள். அவற்றுள் ஒன்றைக் கண்டோம், மற்றொன்றைக் காணவில்லை.

காணாதது கோஹினூர் வைரம். அது கிருஷ்ணை நதிக்கரைச் சுரங்கத்தில் எடுக்கப்பட்டது என்பர். 1849இல் பஞ்சாபு கும்பினியார் வசமானபோது, பத்து வயதுப் பாலகனான துலீப் சிங் மன்னனிடமிருந்து அது பெறப்பட்டது. இப்பொழுது இலண்டன் கோட்டையில், ஒரு மகுடத்தில் பதிந்துள்ளது. கோட்டைக்குள் செல்லப் பெரியவர் ஒருவருக்கு முப்பது பவுனுக்கு மேல். இருவர்க்கும் ஆறாயிரம் ரூபாயைத் தாண்டும். நாங்கள் மதிற்புறத்தில் சிறிது நேரம் நின்றோம். "நம் நாட்டுக் கல்லைப் பார்க்க நாமே கட்டணம் கொடுப்பதா?" என்றார் என் மனைவியார். அத்துடன் அன்றைய கணக்கு முடிந்தது.

கண்டது அமராவதிச் சிற்பங்கள். அவையும் அதே கிருஷ்ணை நதிக்கரையில் பிறந்தவையே. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் அவை. 1845இல் வால்டர் எலியட் என்னும் அதிகாரி அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்ப, அங்கே பல ஆண்டுகள் கிடந்து, 1859இல் கப்பலேறின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் தனிக்கூடத்தில் நிற்கின்றன. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை! தாமரை வட்டங்களும், வணங்கி நிற்கும் மகளிரும், பாயும் குதிரைகளும் உயிரோடு அசைவன போன்றிருந்தன. ஒரு முழுப் பகலை அங்கேயே கழித்தோம். அவற்றின் உடன்பிறப்புகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஆண்டுதோறும் ஊருக்குச் செல்லும் நாம், எழும்பூரில் வண்டி மாறுகிறோம். அவற்றை எத்தனை முறை எட்டிப் பார்த்திருக்கிறோம்?

ஒரே நதிக்கரைப் பொருள்கள் இரண்டு. ஒன்றுக்குப் பெருங்கட்டணம், ஒன்றுக்கு ஒரு காசும் இல்லை. விலை வேறு, மதிப்பு வேறு என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக யார் எங்களுக்கு உணர்த்த முடியும்?

இன்னொன்றும் கூற வேண்டும். அவ்வைரம் கைமாறிய 1849ஆம் ஆண்டிலேதான், நம் மத்திய இரயில்வேக்கு முன்னோடியான கிரேட் இந்தியன் பெனின்சுலா இரயில்வே இலண்டனில் சட்டப்படி அமைந்தது. பங்குதாரர்க்கு நூற்றுக்கு ஐந்து வட்டி உறுதி செய்யப்பட்டிருந்தது. வருமானம் குறைந்தால் அக்குறையை இந்திய வரிப்பணம் ஈடு செய்தது. எனவே, அப்பெருநகரின் செல்வத்தில் நம் முன்னோரின் வியர்வையும் ஓரளவு கலந்துள்ளது. இதனைப் பகையாகச் சொல்லவில்லை. அங்கே தலைகுனிந்து திகைத்து நிற்கவும் வேண்டா. பொறாமையால் வெதும்பவும் வேண்டா. பங்குள்ள உறவினரைப் போல நிமிர்ந்து சென்று காணலாம் என்பதற்காகவே சொல்கிறோம்.

சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த இராமானுசன் 1914இல் கப்பலேறினார். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. இன்று இலண்டனில் கீழ்த்திசைக் கல்விக் கழகத்தின் வளாகத்தில் திருவள்ளுவர் சிலையாக அமர்ந்திருக்கிறார். மழைத் தூறலில் அவர் முன் நின்று வணங்கியபோது, அந்நகரம் எங்களுக்கு அயலூராகவே தோன்றவில்லை.

ஆகவே, உங்கள் முதல் கேள்விக்கு எங்கள் குறிப்பேடு விடை சொல்லும். கேட்போர்க்குக் காட்ட ஆயத்தமாக இருக்கிறோம். இரண்டாம் கேள்விக்கு விடை இது: விலை கொடுத்து வாங்கத்தக்கவை அங்கே மிகுதி; ஆனால் கண்ணும் காலும் கருத்தும் உடையவர்க்கு, விலையின்றிக் கிடைப்பவை அவற்றினும் மிகுதி. கடன் வாங்கிச் செல்ல வேண்டா. பிள்ளைகளின் படிப்புப் பணத்தில் கைவைக்க வேண்டா. சேமித்துச் செல்லுங்கள், படித்துவிட்டுச் செல்லுங்கள். அதுவரை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காலனிக் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்ல ஒரு சிறு குழு அமைக்குமாறு சங்கத்தைப் பணிவுடன் வேண்டுகிறோம். பயணச் சீட்டெழுதும் பணியை நாங்கள் ஏற்கிறோம்.