உயரத்தில் ஏறுவோருக்கு உரிய கயிறு



பால்வெட்டு தரையில் நின்று செய்யும் தொழில். எனினும் புகைக்கூடத்தின் கூரையைச் சீர்செய்யவும், லயத்தின்மீது சாய்ந்த கிளையை வெட்டவும் யாரேனும் ஒருவர் மேலே ஏறித்தான் ஆகவேண்டும். அவ்வேளையில் லாரியில் சாமான் கட்டும் கயிற்றையே இடுப்பில் சுற்றிக்கொள்வாரும் உளர். அதனைக் குறித்தே இன்று பேச விழைகின்றேன்.

ஆள் தொங்கும் கயிறுகள் இருவகைப்படும். மலையேறுவோரின் கயிறு, விழுகின்றவரை நன்கு நீண்டுகொடுத்துத் தாங்கும். உயரத்தில் வேலை செய்வோருக்கு உரியதோ குறைவாக நீளும் 'செமி ஸ்டாட்டிக்' கயிறு. இ.என். 1891 என்னும் ஐரோப்பியத் தர விதிப்படி, சுமை 50 கிலோவிலிருந்து 150 கிலோவாக உயரும்போது அது நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் நீளலாகாது. அதில் 'ஏ' வகைக் கயிறு, முடிச்சின்றி, ஏறக்குறைய 2,200 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும்.

அத்துணை வலிமை இருக்க, விழுந்தால்தான் என்ன என்று கேட்பீர்கள். கயிறு அறாமல் இருக்கலாம். ஆனால் அது நீண்டுகொடுக்காததால் விழுந்த அதிர்ச்சி முழுதும் நம் உடலைத் தாக்கும். ஆதலால் கயிற்றைத் தொய்யவிடுதல் கூடாது. கட்டுமிடம் தலைக்கு மேலே இருத்தல் வேண்டும். இடுப்பில் முடிச்சிடாமல், உடல் முழுதும் தாங்கும் வார்ப்பட்டை அணிய வேண்டும். தனி இடத்தில் கட்டிய இரண்டாவது கயிறும் வேண்டும். இவையெல்லாம் பயிற்சி பெற்றவரிடம் கற்க வேண்டியவை.

நம் தோட்டங்களுக்கே உரிய ஆபத்து ஒன்றுண்டு. இக்கயிறுகள் பெரும்பாலும் நைலானால் ஆனவை. பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலமோ நைலானுக்குப் பெரும்பகை. அடர்ந்த நிலையில் அதனைக் கரைத்தே விடும்! எனவே அமிலம் வைத்துள்ள ஸ்டோரில் கயிற்றை வைக்காதீர்கள். சுமையைப் பெரிதும் தாங்குவது பின்னலுறைக்குள் மறைந்திருக்கும் கருவிழைகளே. ஏறுமுன் கயிறு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள். மெலிவோ, விறைப்போ, அமிலம் பட்ட ஐயமோ இருப்பின் துண்டுதுண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாகக் கிடந்தால் வேறொருவர் எடுத்துக் கட்டிக்கொள்வார்.

புதுக்கயிறு கேட்கக் கூச்சம் வேண்டா. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, அச்சட்டத்திற்கிணங்க முதலாளி வழங்கும் பாதுகாப்புப் பொருளுக்குத் தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது. உடனடி ஆபத்தை நிருவாகம் நீக்கத் தவறினால் அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமையும் 2024 ஜூன் 1 முதல் உங்களுக்கு உண்டு.