விற்பனைக்கு வந்த கம்பெனி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குயிலாப்பாளையத்து முந்திரித் தோப்பிலிருந்து பஸ் மாறி மாறி இந்தக் கல்லூரிக்கு வந்தவன் நான். இன்று என் தொழில் லிக்விடேட்டர், அதாவது கலைப்பாளர். ஊரில், "ஏம்ப்பா, நீ ஜப்தி ஆபீசராமே?" என்று கேட்கிறார்கள். ஜப்தி இல்லை. மூழ்கிய கம்பெனியின் சொத்தைத் திரட்டி, விற்று, கடன் கொடுத்தவர்களுக்கு வரிசைப்படி பங்கிடும் வேலை.

நம் சென்னையில் 1906 அக்டோபர் 22-ல் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. ஆயிரக்கணக்கானோர் சேமிப்பு உள்ளே மாட்டிக்கொண்டது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. அந்தச் சூட்டில் பிறந்ததுதான் 1907-ல் இந்தியன் வங்கி. எல்லாம் சரி, ஆளை ஜெயிலில் போட்டால் போட்ட பணம் வருமா? சொத்தை விற்றால்தானே வரும்!

இப்போது 2016-ம் ஆண்டு திவால் சட்டம் இருக்கிறது. விற்ற பணத்தில் முதலில் கலைப்புச் செலவு. அடுத்து, கடைசி 24 மாதத் தொழிலாளர் பாக்கியும், அடமானத்தை விட்டுக்கொடுத்து வரிசைக்கு வந்த வங்கியும் சமமாக. பங்குதாரர் கடைசி, அவருக்குப் பெரும்பாலும் பானையில் ஒன்றும் மிஞ்சாது.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையின் முதல் ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. அடுத்த ஏலத்தில் 25 சதவீதம் வரை விலை குறைக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. ஏழு மாதம் தள்ளிப் போட்டேன். மழையில் மெஷின் துருப்பிடித்தது. வாட்ச்மேன் சம்பளம், கரண்ட் பில் எல்லாம் செலவுக் கணக்கில் ஏறியது. கடைசியில் குறைத்த விலைக்குத்தான் போயிற்று. ஒரு ஃபிட்டர் வந்து, "சார், அப்பவே வித்திருந்தா எங்களுக்கு இன்னும் கொஞ்சம் வந்திருக்குமில்ல?" என்றார். வந்திருக்கும். "ஆமாங்க" என்றேன்.

அவருடைய பி.எஃப். நிதியில் இருக்கும் பணம் கம்பெனி சொத்தில் சேராது, எந்த வங்கியும் அதில் கை வைக்க முடியாது. அது அவருக்குத் தெரியவில்லை. உட்கார வைத்துப் படிவம் எழுதிக் கொடுத்தேன்.

ஏலம் இப்போது கம்ப்யூட்டரில் நடக்கிறது. ஆனாலும் சொத்தை நேரில் பார்வையிட ஒரு நாள் உண்டு. வர விரும்பும் பி.காம். பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் பெயர் கொடுங்கள், அழைத்துப் போகிறேன்.